வெங்காயம், சப்பாத்து, மஞ்சள்: காப்பு வரி யாரைக் காப்பாற்றுகிறது?

மருதானை_மாணவி

பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கமும் சரி போலத்தான் இருக்கிறது. 1817 இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் றிக்காடோ சொன்னது: அவரவர் ஒப்பீட்டளவில் நன்றாகச் செய்வதைச் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் இலாபம். 1841 இல் ஜேர்மன் பொருளியலாளர் லிஸ்ட் சொன்னது: வளர்ந்த நாட்டோடு இப்போதுதான் தவழும் தொழிலை மோதவிட்டால் அது எழும்பவே எழும்பாது, கொஞ்சக் காலம் வேலி போடு.

கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிற சாமானுக்கு இவை எப்படிப் பொருந்துகின்றன? இறக்குமதி வரியைக் குறைத்தால் உள்ளூர் உற்பத்தி செத்துப்போகும் என்று ஒரு பக்கம், வரியால்தான் விலைவாசி என்று இன்னொரு பக்கம். கொள்கைப் பேச்சு வேண்டாம், கணக்காகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

---

வாஃப்_கணக்கு

தங்கச்சி, முதலில் "வரி" என்று ஒருமையில் பேசுவதை விடவேண்டும். ஒரே பெட்டிக்கு மேல் நாலைந்து வரி அடுக்காக ஏறுகிறது. சுங்கத் தீர்வை ஒன்று. 2011 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரி இன்னொன்று. பொது வீதம் 10%. 1979 ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வரும் செஸ் என்ற மேல்வரி மூன்றாவது. அதற்கு மேல் வற் (பெறுமதி சேர் வரி), 2024 ஜனவரியிலிருந்து 18%. 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு வரி 2.5% வேறு.

கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 1,00,000 ரூபாப் பெறுமதியான சாமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீர்வை 20% என்றால் 20,000. துறைமுக வரி 10,000. செஸ் ஓர் உதாரணத்துக்கு 15,000. இதுவரை 45,000. வற் போடும்போது அடிப்படை 1,00,000 அல்ல. அதோடு 10% கூட்டி 1,10,000 ஆக்கி, அதன் மேல் அந்த 45,000 ஐயும் சேர்ப்பார்கள். 1,55,000 இல் 18% என்றால் 27,900. மொத்தம் 72,900. (2.5% ஐ எளிமைக்காக விட்டுவிட்டேன்.)

தீர்வைப் புத்தகத்தில் 20% என்று பார்த்துவிட்டு "எங்கள் நாடு திறந்த சந்தைதானே" என்பவர்களுக்கு மீதிப் பக்கம் தெரியாது. வணிக ஒப்பந்தங்களில் பேசப்படுவது பெரும்பாலும் அந்த 20 தான். செஸ்ஸும் துறைமுக வரியும் பக்க வாசலால் வந்து வேலியை உயர்த்துகின்றன.

---

நாலாம்குறுக்கு

அண்ணா சொன்ன அடுக்கு சரி, ஆனால் 72,900 முழுவதையும் காப்பு வரி என்று எண்ணக்கூடாது. வற் உள்ளூர்ச் சாமானுக்கும் உண்டு. காப்பு என்பது அந்த 45,000 தான். உள்ளூர் உற்பத்தியாளர் வற்றுக்குப் பதிவாகாத அளவு சின்னவராக இருந்தால் மட்டும் (2024 தொடக்கத்தில் எல்லை வருடத்துக்கு 60 மில்லியன் விற்பனை) அவருக்குக் கூடுதலாக ஒரு சாதகம் கிடைக்கும்.

செஸ்ஸில் கவனிக்கவேண்டிய இன்னொன்று: பல சாமான்களுக்கு "இத்தனை வீதம் அல்லது கிலோவுக்கு இத்தனை ரூபா, எது கூடவோ அது" என்று எழுதியிருக்கும். இது ஏழை வீட்டுச் சாமானைத்தான் அடிக்கும். ஒரு சோடிச் செருப்புக்கு 300 ரூபா என்று வைத்தால், 600 ரூபாச் செருப்புக்கு அது 50%. 6,000 ரூபாச் செருப்புக்கு 5%. கெய்சர் வீதி நடைபாதையில் வாங்குகிறவர் கட்டுகிற வரி வீதம், குளிரூட்டிய கடையில் வாங்குகிறவரின் வீதத்தைப்போல் பத்து மடங்கு. இதை யாரும் வரவுசெலவுத் திட்ட உரையில் வாசிப்பதில்லை.

ஆனால் நிறைக்கு வரி போடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. வீதமாகப் போட்டால் பட்டியலில் விலையைக் குறைத்துக் காட்டுவார்கள். அப்போது சுங்கம், சுங்கக் கட்டளைச் சட்டத்தில் பெறுமதி கணிக்கும் முறைகளைச் சொல்லும் அட்டவணை ஈ இன் படி, ஒரே மாதிரிச் சாமானின் விலை, ஒத்த சாமானின் விலை என்று ஒவ்வொரு முறையாக இறங்கிப் பார்க்கவேண்டும். அதுவரை பெட்டி யாட்டில் நிற்கும், தாமதக் கட்டணம் ஓடும். நிறையில் பொய் சொல்வது கஷ்டம், தராசு இருக்கிறது.

---

செம்மண்

நீங்கள் எல்லோரும் பெட்டி இறங்குகிற பக்கத்திலிருந்து கணக்குப் பார்க்கிறீர்கள். விளைகிற பக்கத்திலிருந்தும் பாருங்கள்.

1970 முதல் 1977 வரை செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் கல்வீடுகள் எழும்பியதும், கிணற்றடிக்கு நீர்ப்பம்பி வந்ததும், பிள்ளைகளைப் படிப்பிக்கக் காசு வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1977 நவம்பரில் நிதி அமைச்சர் றொனி டி மெல்லின் முதல் வரவுசெலவுத் திட்டத்தோடு கதவு திறந்தது. தோட்டக்காரருக்கு மாறிக்கொள்ள அவகாசம் கொடுக்கப்படவில்லை. சுதந்திர வணிகத்தால் "நாட்டுக்கு" நன்மை என்று சொல்லும்போது, அந்த நன்மையிலிருந்து நட்டப்பட்டவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்றும் சொல்லவேண்டும். புத்தகத்தில் "இழப்பீடு கொடுக்கலாம்" என்று இருக்கும். கொடுத்தார்கள் என்று எங்கும் இல்லை.

இன்னொன்று. இந்தியாவை நம்பி வெங்காயத்தை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதிக தூரம் போகத்தேவையில்லை. 2019 செப்டெம்பர், 2020 செப்டெம்பர், 2023 டிசெம்பர் என்று மூன்று தடவை அவர்கள் ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் தங்கள் ஊர் விலைதான் முக்கியம், அது நியாயம். 2024 ஏப்ரலில் 10,000 தொன் விசேட அனுமதியாகக் கேட்டு வாங்கவேண்டி வந்தது. உணவில் வேலி வேண்டும் என்பது பிடிவாதமல்ல.

---

மருதானை_மாணவி

செம்மண் ஐயா, 1970-77 இல் அதே கட்டுப்பாட்டால் கொழும்பில் பாணுக்கும் துணிக்கும் வரிசை நின்றதையும் சேர்த்துத்தானே பார்க்கவேண்டும்?

---

செம்மண்

சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் பிள்ளை, மறுக்கவில்லை. மிளகாய்க்கு வேலி போட்டதையும் துணி, யந்திர உதிரிப்பாகம் எல்லாவற்றையும் மூடியதையும் ஒரே விடயமாகப் பேசக்கூடாது என்கிறேன்.

---

நாலாம்குறுக்கு

வெங்காயத்தில் விசேட பண்ட வரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் செம்மண் ஐயாவின் நோக்கத்துக்கே அது எதிராகப் போகிறது.

2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம். இந்த வரி போட்டால் மற்ற இறக்குமதி வரிகள் அந்தப் பண்டத்துக்கு இல்லை. கிலோவுக்கு இத்தனை ரூபா என்று ஒரே தொகை. எளிமையானது, நல்லது. பிரச்சினை என்னவென்றால், ஒரு வர்த்தமானியால் இரவோடு இரவாக மாற்றலாம். ஒரு 40 அடிக் குளிர்க் கொள்கலனில் சுமார் 28 தொன் வெங்காயம் ஏறும். கிலோவுக்கு 20 ரூபா கூடினால் ஒரு பெட்டிக்கு 5,60,000 ரூபா. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஒரு நாளுக்குள் வந்துவிடும், ஆனால் வங்கியில் எல்.சி. (நாணயக் கடிதம்) திறந்து, நாசிக்கில் வாங்கி, தரம் பிரித்து ஏற்ற இரண்டு கிழமையாவது வேண்டும். அந்த இடைவெளியில் வரி மாறினால் மாற்றத்துக்கு முதல் நாள் இறக்கியவருக்கு இலாபம், அடுத்த நாள் இறக்கியவருக்கு நட்டம். ஆகவே எல்லோரும், இங்கே பெரிய வெங்காயம் விளைகிற தம்புள்ளையின் அறுவடைக்கு முன்னமே, வரி ஏறும் என்று எதிர்பார்த்து, அள்ளிக் குவிப்பார்கள். அறுவடை சந்தைக்கு வரும் ஓகஸ்ட், செப்டெம்பரில் வரி உச்சத்தில் இருக்கும், ஆனால் களஞ்சியத்தில் பழைய வரியில் வந்த சரக்கு நிறைந்திருக்கும். விவசாயிக்குப் போய்ச்சேரவேண்டிய விலை அங்கேயே கரைந்துபோகிறது.

அடுத்தது களஞ்சியம். பெரிய வெங்காயத்தைப் பிடுங்கியதும் அதன் இலைத் தாளாலேயே குமிழை மூடி மூன்று நாலு நாள் வயலிலேயே வாட்டவேண்டும், பிறகு நிழலில் காற்றோட்டமாகப் பரப்பிக் கழுத்து நன்றாகச் சுருங்கிக் காயும்வரை விடவேண்டும். கழுத்து பச்சையாக இருந்தால் அந்த வழியாகத்தான் அழுகல் இறங்கும். மாத்தளைப் பக்கம் அறுவடை முடியும்போதே ஒக்டோபர் மழை பிடித்துவிடுகிறது. காயப்போட இடமில்லை, கடன்காரன் வாசலில். எல்லோரும் ஆறு எட்டுக் கிழமைக்குள் விற்றுத் தள்ளுகிறார்கள். நாசிக்கில் சித்திரையில் பிடுங்கியதை மூங்கில், மரச் சட்டத்தில் தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய காற்றோட்டக் கொட்டிலில் ஒக்டோபர் வரை வைத்திருக்கிறான். இந்த வித்தியாசத்தை எந்த வரியாலும் நிரப்ப முடியாது.

---

செம்மண்

கொட்டில் விடயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். அங்கே பம்பிக்கு மலிவு மின்சாரம், மானிய உரம். நாம் போட்டிபோடுவது நாசிக் விவசாயியோடு மட்டுமல்ல, அவனுக்குப் பின்னால் நிற்கும் அரசாங்கத்தோடும்.

---

வாஃப்_கணக்கு

அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது ஐயா. 2018 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், குவிப்புக்கும் (அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதற்கும்) மானியத்துக்கும் எதிரான தீர்வை. 3 ஆம் இலக்கச் சட்டம், திடீர் இறக்குமதிப் பெருக்கத்துக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பு. இதில் விலைச் சான்று வேண்டும், உள்ளூர்த் தொழிலுக்கு வந்த சேதத்தைக் காட்டவேண்டும், விசாரணை நடக்கும், முடிவுத் திகதி இருக்கும். கஷ்டமான வழிதான். செஸ்ஸுக்கு ஒரு வர்த்தமானி போதும், சான்றும் தேவையில்லை, திகதியும் தேவையில்லை. சுலபமான வாசல் திறந்திருக்கும்போது யார் சுற்றிப் போவார்கள்?

விவசாயப் பொருள்களுக்கு உலக வணிக அமைப்பில் நாம் ஒப்புக்கொண்ட உச்சத் தீர்வை 50% என்பதையும் மனதில் வைக்கவேண்டும். கிலோவுக்கு இத்தனை ரூபா என்று போடும்போது உலக விலை இறங்கினால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு.

---

தையல்_மேசை

கைத்தொழில் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். மாணவிக்குப் பரீட்சைக்கும் உதவும்: பெயரளவுக் காப்பு வேறு, பயன்தரு காப்பு வேறு.

ஒரு சோடிச் சப்பாத்து. உலக விலை 1,000 ரூபா. அடித்தட்டு, செயற்கைத் தோல், பசை, கண்ணி எல்லாம் உலக விலையில் 600. ஆக, தொழிற்சாலையில் உண்மையாகச் சேர்வது 400.

வந்திறங்கும் சப்பாத்துக்கு வற் தவிர்ந்த வரிகள் எல்லாம் சேர்த்து 50%, மூலப்பொருளுக்கு ஒன்றுமில்லை என்று எடுப்போம். உள்ளூர்க்காரர் 1,500 வரை விற்கலாம். 1,500 இலிருந்து 600 போனால் 900. 400 பெறுமதியான வேலைக்கு 900 கிடைக்கிறது. காப்பு 50% அல்ல, 125%.

இப்போது மூலப்பொருளுக்கும் 10% துறைமுக வரி. செலவு 660, மிச்சம் 840, காப்பு 110%. இன்னும் வசதிதான்.

அதே சப்பாத்தை அதே மேசையில் தைத்து ஏற்றுமதி செய்கிறவரைப் பாருங்கள். வெளியே யாரும் 1,500 தரமாட்டார்கள், 1,000 தான். மூலப்பொருள் 660. மிச்சம் 340. காப்பு கழித்தல் 15%. அதாவது அவருக்கு அபராதம்.

கையில் காசுள்ளவர் எதைத் தெரிவுசெய்வார்? 22 மில்லியன் பேர் உள்ள சந்தைக்குள் 110% இருக்க, வெளியே போய்க் கழித்தல் 15% வாங்க மாட்டார். 2000 இல் பொருள், சேவை ஏற்றுமதி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 39% ஆக இருந்தது. 2010 க்குப் பிறகு 20% சொச்சத்தில் நிற்கிறது. யுத்தம், ரூபாவின் மதிப்பு, வீதி வீடு கட்டுவதில் போன முதலீடு என்று காரணம் பல. ஆனால் இந்த 110 க்கும் கழித்தல் 15 க்கும் இடையிலான இழுவை அதில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இறக்குமதிக்குப் போடும் வரி கடைசியில் ஏற்றுமதிக்குப் போடும் வரியாக மாறுவது இப்படித்தான்.

---

மருதானை_மாணவி

ஏற்றுமதியாளர் மூலப்பொருளை வரியில்லாமல் கொண்டுவரலாம் அல்லவா?

---

தையல்_மேசை

பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் கொண்டுவருகின்றன, அதனால்தான் அந்தத் துறை நிமிர்ந்து நிற்கிறது. மற்றவர்களுக்கு, ஏற்றுமதி உற்பத்திக்கான தற்காலிக இறக்குமதித் திட்டம் இருக்கிறது. அதில் எங்கே சிக்கும் என்றால்: வரித் தொகைக்கு உத்தரவாதம் வைக்கவேண்டும், சின்னவருக்கு வங்கி உத்தரவாதம் என்றால் காசு முடங்கும். ஒரு சோடிக்கு எவ்வளவு தோல், எவ்வளவு கழிவு என்ற விகிதத்தை முன்கூட்டியே ஒப்புவிக்கவேண்டும். மாதிரி மாறினால் விகிதமும் மாறும், கோப்பு திரும்பவும் போகும். நேரடியாக இறக்காமல் பழைய சோனகத் தெருவிலோ மெயின் வீதியிலோ இரண்டு உருளை வாங்கித் தைப்பவருக்கு அந்த 10% திரும்பி வரவே வராது, ஏனென்றால் கடைப் பற்றுச்சீட்டில் அது தனியாகத் தெரியாது. புதிதாக ஏற்றுமதிக்கு வரக்கூடியவர்கள் இந்த மூன்றாவது வகையினர்தான்.

கொரியாவை உதாரணம் காட்டுபவர்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். அங்கேயும் வேலி இருந்தது. ஆனால் 1960 களிலிருந்து சலுகைக் கடனும் அனுமதியும் ஏற்றுமதி இலக்கோடு கட்டப்பட்டிருந்தன, ஏற்றுமதிக்கான மூலப்பொருளுக்கு வரி இல்லை. இங்கே வேலி மட்டும் வந்தது, இலக்கு வரவில்லை.

---

கிராண்ட்பாஸ்_சரக்கு

மஞ்சளைச் சொல்லாமல் இந்த இழை முடியக்கூடாது.

2019 டிசெம்பரில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. உள்ளூர் விவசாயியை ஊக்குவிக்க என்றார்கள். சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ 2020 இல் 5,000 ரூபாவைத் தொட்டது. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் மூட்டை மூட்டையாகக் கடத்தல் மஞ்சள் பிடிபட்டது. கடைகளில் மாக் கலந்த தூள்.

ஏன் விளைச்சல் கூடவில்லை? மஞ்சளுக்கு விதை என்று தனியாக ஒன்றில்லை, கிழங்குதான் விதை. ஒரு ஹெக்டயருக்கு இரண்டு தொன்னுக்கு மேல் கிழங்கு நடவேண்டும். நட்டு எட்டு ஒன்பது மாதம் காத்திருக்கவேண்டும். பச்சைக் கிழங்கு ஐந்து கிலோவை அவித்துக் காயவைத்தால் ஒரு கிலோ தேறும். விலை ஏறியதும் விதைக்கிழங்கும் சேர்ந்து ஏறிவிட்டது. நட விரும்பியவரால் வாங்க முடியவில்லை, கையில் வைத்திருந்தவரோ நடுவதைவிட விற்பது இலாபம் என்று விற்றார். முதல் ஆண்டில் வரியை மட்டும் கொஞ்சம் ஏற்றி, அந்தப் பணத்தில் விதைக்கிழங்கு பெருக்கிக் கொடுத்து, மூன்று ஆண்டில் படிப்படியாக இறக்குமதியைக் குறைத்திருந்தால் இதே நோக்கம் நிறைவேறியிருக்கும். தடைக்கும் வரிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: வரி போட்டால் மேலதிகப் பணம் திறைசேரிக்குப் போகும், தடை போட்டால் கடத்தல்காரனுக்குப் போகும்.

---

செம்மண்

சின்ன வெங்காயத்துக்கும் இதே நிலைதான், அதிலும் காய்தான் விதை. ஊரில் விதைக்காய் தட்டுப்பாடானால் அந்தப் போகமே போச்சு. தடை கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரி வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை.

---

வாஃப்_கணக்கு

திறந்த வணிகம் என்று கையெழுத்துப் போட்டாலும் உள்ளே வரி வித்தியாசத்தில் மட்டும் வாழும் தொழில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்திய-இலங்கைச் சுதந்திர வணிக ஒப்பந்தம் நல்ல பாடம். 1998 டிசெம்பர் 28 கையெழுத்து, 2000 மார்ச் 1 நடைமுறை. வரிச் சலுகை கிடைக்க உள்நாட்டுப் பெறுமதி சேர்ப்பு 35% இருக்கவேண்டும், சரக்கை வகைப்படுத்தும் நாலு இலக்க எச்.எஸ். குறியீடும் மூலப்பொருளினதிலிருந்து மாறவேண்டும்.

அப்போது இந்தியா பாம் எண்ணெய்க்குக் கடும் வரி வைத்திருந்தது, இங்கே குறைவு. உடனே எண்ணெயை இங்கே இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பும் தொழிற்சாலைகள் முளைத்தன. புள்ளிவிபரத்தில் ஏற்றுமதி பாய்ந்தது. அங்கே உள்ள உற்பத்தியாளர் கூச்சலிட, வருடத்துக்கு 2,50,000 தொன் என்று எல்லை வந்தது. 2008 இல் இந்தியா தன் கச்சா எண்ணெய் வரியையே பூச்சியமாக்கியது. வித்தியாசம் போனதும் தொழிலும் போனது. நம்முடைய மூலப்பொருளோ திறமையோ அதில் எதுவும் இருக்கவில்லை.

அதே ஒப்பந்தத்தில் தேயிலைக்கு 15 மில்லியன் கிலோ, ஆடைக்கு 8 மில்லியன் துண்டு என்று அவர்களும் எல்லை வைத்திருக்கிறார்கள். நமக்கு வலுவுள்ள இடத்தில் அவர்கள் வேலி போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், செம்மண் ஐயாவுக்கு அது பிடிக்கும்.

---

மருதானை_மாணவி

2025 இல் அமெரிக்கா நமக்கு 44% போட்டது, நாம் அவர்களுக்கு 88% வரி விதிக்கிறோம் என்று காரணம் சொன்னதே, அந்த 88 இந்த அடுக்கிலிருந்து வந்ததா?

---

தையல்_மேசை

இல்லை. அது நமது வரியே அல்ல. 2024 இல் அவர்கள் நம்மிடம் வாங்கியது ஏறத்தாழ 3 பில்லியன் டொலர், நமக்கு விற்றது ஏறத்தாழ 370 மில்லியன். பற்றாக்குறையை இறக்குமதியால் வகுத்தால் 88%. அதில் பாதி 44. பிறகு ஜூலையில் 30 என்றார்கள், ஓகஸ்ட் 7 இலிருந்து 20 ஆனது. நாம் செஸ் முழுவதையும் மறுநாளே நீக்கியிருந்தாலும் அந்த 88 ஒரு புள்ளிகூட அசைந்திருக்காது. நாம் துணி தைத்து விற்கிறோம், அவர்களிடம் விமானமும் யந்திரமும் அந்த அளவுக்கு வாங்கும் வசதி நமக்கில்லை. அவ்வளவுதான்.

ஆனால் இதிலிருந்து "எல்லோரும் வேலி போடுகிறார்கள், நாமும் போடுவோம்" என்று முடிவெடுத்தால் கையைச் சுடும். வாங்குபவர் ஏற்கனவே விலையைக் குறைக்கச் சொல்லும் நேரத்தில் பொத்தானுக்கும் நூலுக்கும் நாமே வரி ஏற்றுவது நம் தலையில் நாமே மண் போடுவது.

---

நாலாம்குறுக்கு

வரியை நீக்கச் சொல்பவர்கள் திறைசேரியின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 2022 இல் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8% சொச்சத்துக்கு விழுந்திருந்தது. துறைமுகத்தில் வரி வாங்குவது சுலபம், பெட்டி ஓடிப்போகாது. அதனால்தான் காப்பு என்ற பெயரில் போட்டது வருமானம் என்ற பெயரில் தொடர்கிறது. இரண்டு நோக்கமும் ஒன்றையொன்று வெட்டும்: காப்பு முழுமையாக வேலை செய்தால் இறக்குமதி நின்றுவிடும், வருமானம் பூச்சியம். வருமானம் நன்றாக வந்தால் காப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

சீனியில் இதன் மறுபக்கம் தெரிந்தது. 2020 ஒக்டோபர் 13 இல் கிலோவுக்கு 50 ரூபா வரி 25 சதமானது. கடை விலை அந்த 50 ஆல் இறங்கவில்லை. இறக்குமதியாளர் சிலராக இருக்கும் இடத்தில் வரியைக் குறைத்தாலும் வாங்குபவருக்கு வராது. 2023 நவம்பர் 2 இல் திரும்பவும் 50. ஆகவே "வரி குறைந்தால் விலை குறையும்" என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இறக்குபவர்கள் பலராக இருக்கவேண்டும், குறைப்பு நீடிக்கும் என்ற நம்பிக்கை இருக்கவேண்டும்.

---

கிராண்ட்பாஸ்_சரக்கு

வெங்காயத்துக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த வருடம் முழுவதற்கும் மாதவாரியான வரி அட்டவணையை ஒரே வர்த்தமானியில் போடட்டும். அறுவடை மாதங்களில் கூட, மற்ற மாதங்களில் குறைவு. இடையில் மாற்ற வேண்டுமென்றால் 45 நாள் முன்னறிவித்தல். வசூலில் ஒரு பங்கு தம்புள்ளை, கலேவெல பக்கம் காற்றோட்டக் கொட்டிலுக்கு. ஐந்து வருடத்தில் வரி இத்தனை ரூபாவால் இறங்கும் என்பதும் அதே தாளில்.

---

நாலாம்குறுக்கு

புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடமிருந்து இதற்கு எதிர்ப்பு வராது. வரி கூடவா குறையவா என்பதைவிட எப்போது மாறும் என்று தெரியாததுதான் இங்கே பெரிய செலவு. ஒரு ஓட்டை மட்டும்: அட்டவணை முன்கூட்டியே தெரிந்தால் ஜூலை கடைசிக் கிழமையில் எல்லோரும் இறக்குவார்கள். அதனால் வரி ஒரே பாய்ச்சலாக ஏறக்கூடாது. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் என்று படியாக ஏறவேண்டும். ஒரு படி கிலோவுக்குப் பத்து ரூபாவைத் தாண்டாவிட்டால், குவித்து வைப்பதில் போகும் நிறைக்குறைவும் அழுகலும் குளிர்க் கூலியும் அந்தப் பத்தைத் தின்றுவிடும். குவிப்பதில் அர்த்தமிருக்காது.

---

செம்மண்

இறங்கு அட்டவணைக்கு நான் உடன்படுவேன், கொட்டில் முதலில் எழும்பினால். வரி குறையும் திகதியைக் கொட்டில் கட்டி முடித்த திகதியோடு கட்டுங்கள், நாட்காட்டியோடு மட்டும் கட்டவேண்டாம்.

இன்னொன்று: உங்கள் அட்டவணை தம்புள்ளைக்கு மட்டும் எழுதியது. யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு கிளப்புவது மாசி, பங்குனி. காலபோகச் சின்ன வெங்காயமும் தை பிறந்த பிறகுதான் சந்தைக்கு வரும். ஓகஸ்டில் ஏற்றி டிசெம்பரில் இறக்கினால் எங்கள் அறுவடை வரும்போது வேலி இருக்காது. பண்டத்துக்கு ஒரு வரிசை, அதற்குள் போகத்துக்கு ஒரு நிரல் என்று போட்டு யாராவது எழுதுங்கள், அதன் மேல் பேசுவோம்.